பழைய பிக்கப் நடுவழியில் நின்றால்: கையில் இருப்பதை வைத்து வீடு சேரும் வழி

முதல் தடவை நடுவழியில் வண்டி நின்றபோது என்னிடம் இருந்தது ஒரு வீல் ஸ்பேனரும் ஒரு ஜாக்கியும்தான். அந்த ஜாக்கியும் எண்ணெய் இல்லாமல் பாதியிலேயே உட்கார்ந்துவிட்டது. ஒட்டன்சத்திரத்தில் முருங்கைக்காய் ஏற்றி, லோயர் கேம்ப் தாண்டி, குமுளி மலை ஏறும்போது சீட்டுக்கு அடியிலிருந்து குபுகுபுவென்று ஆவி. பின்னால் வந்த லாரியிலிருந்து ஒரு பெரியவர் இறங்கி வந்தார்.

"தம்பி, சைக்கிள் டியூப் வச்சிருக்கியா?"

"இல்லண்ணே."

"கட்டுக்கம்பி?"

"இல்லண்ணே."

"அப்புறம் எதை நம்பி மலை ஏறுன?"

திட்டிக்கொண்டே தன் வண்டியிலிருந்து ஒரு டியூப் துண்டை அறுத்துக் கொடுத்து, கட்டும் விதத்தையும் காட்டிவிட்டுப் போனார். மூன்றாம் கை, நான்காம் கை பிக்கப்பை இப்போதுதான் வாங்கி, மெக்கானிக் நம்பரைத் தவிர வேறு எதுவும் கையில் இல்லாமல் லோடு எடுக்கக் கிளம்புகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். மெக்கானிக் ஆவதற்கான பாடம் இல்லை இது. நின்ற இடத்திலிருந்து அடுத்த பட்டறை வரைக்கும் வண்டியை நகர்த்துவதற்கான வழிகள், அவ்வளவுதான்.

பழைய வண்டி என்று நான் சொல்வது மெக்கானிக்கல் டீசல் பம்ப் உள்ள பிக்கப்பை. 2005-இல் வந்த டாடா ஏஸ், அதாவது நம் ஊர்க் குட்டியானை, இலங்கையில் டிமோ பட்டா, அதன் 702 சிசி இரட்டை சிலிண்டர் எஞ்சின் இந்த வகைதான். மஹிந்திராவின் 2523 சிசி டீசல் எஞ்சின் போட்ட பழைய பிக்கப்புகளிலும் பல இப்படித்தான். 2017 ஏப்ரலில் நாடு முழுக்க பிஎஸ்-4 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்த பிறகு சென்சாரும் கம்ப்யூட்டரும் உள்ளே ஏறிவிட்டன. அந்த வண்டிகளில் தண்ணீர் ஹோஸ், பேட்டரி, பாரம் தாங்கும் ஸ்பிரிங் பட்டை பற்றிச் சொல்வது பொருந்தும், டீசல் பகுதி பொருந்தவே பொருந்தாது. ஏன் என்று அந்த இடத்தில் சொல்கிறேன்.

எதை ஒட்டலாம், எதை ஒட்டக்கூடாது

எல்லாவற்றுக்கும் முன்னால் இது தெளிவாக வேண்டும். கட்டுக்கம்பி போட்டு எதை வேண்டுமானாலும் கட்டிவிடலாம் என்று நினைப்பவர்கள்தான் பள்ளத்தில் கிடக்கிறார்கள். நான் வைத்திருக்கும் கணக்கு இதுதான்: போட்ட ஒட்டு விட்டுப்போனால், போகும் முன் என்னிடம் சொல்லிவிட்டுப் போகுமா? தண்ணீர் ஹோஸில் சுற்றிய டியூப் விட்டால் முதலில் சொட்டும், சூடு காட்டும் மீட்டர் ஊசி மெல்ல ஏறும், ஓரம் கட்ட நேரம் இருக்கிறது. டீசல் டேங்கில் தேய்த்த சோப்பு கரைந்தால் வாடை வரும். பிரேக் ஹோஸில் சுற்றிய டேப் அப்படிச் சொல்லாது. அது விட்டது உங்களுக்குத் தெரியும் இடம் அடுத்த வளைவாகத்தான் இருக்கும்.

ஆகவே பிரேக், ஸ்டீயரிங், வீல் நட், டயர் இந்த நான்கிலும் கையில் கிடைத்ததை வைத்துச் சமாளிக்கும் வேலையே கிடையாது. பிரேக் ஆயில் குறைந்தால் எஞ்சின் ஆயில் ஊற்றாதீர்கள், உள்ளே இருக்கும் ரப்பர் எல்லாம் உப்பிப்போகும். சோப்புத் தண்ணீர் ஊற்றினால் மலை இறக்கத்தில் கொதித்து ஆவியாகி, பெடல் தரைக்குப் போகும். ஒழுகும் சக்கரத்தின் பிரேக் குழாயை மடக்கி அடைத்துவிட்டு மீதி மூன்று சக்கரத்தில் ஓட்டலாம் என்று சொல்பவர்கள் உண்டு. பெருமையாகவே சொல்வார்கள். கேட்டுக்கொள்ளுங்கள், செய்யாதீர்கள். இழுத்துக்கொண்டு போக வேறு வண்டி கூப்பிடும் செலவு ஆயிரங்களில்தான் இருக்கும்.

சீட்டுக்கு அடியில் ஒரு சாக்கு

தனித்தனியாகக் கடையில் வாங்கினாலும் பெரிய செலவில்லாத சாமான்கள்தான். பழைய சைக்கிள் டியூப் இரண்டு, ஒரு சுருள் கட்டுக்கம்பி, வெவ்வேறு அளவில் ஹோஸ் கிளிப் நான்கைந்து, பிசைந்து ஒட்டும் எம்-சீல் ஒரு பாக்கெட், இன்சுலேஷன் டேப், துணி துவைக்கும் பார் சோப்பு ஒரு துண்டு, உப்புத்தாள், 8 முதல் 19 வரை ஸ்பேனர், கட்டிங் பிளேயர், திருப்புளி, சுத்தியல், டார்ச், ஃபியூஸ், 10 லிட்டர் தண்ணீர் கேன். இதோடு மூன்று மீட்டர் தடித்த ஒயரும், இரண்டு மரக்கட்டைகளும்.

இரண்டு பொருளைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும். ஒன்று, பழைய ஃபேன் பெல்ட். புதுசு மாட்டும்போது பழசை எறியாமல் சாக்கில் போடுங்கள். பெல்ட் அறுந்தால் நைலான் கயிறு கட்டி ஓட்டலாம், வேட்டியைக் கிழித்து முறுக்கி ஓட்டலாம் என்றெல்லாம் கதை கேட்டிருப்பீர்கள். நானும் கயிறு கட்டிப் பார்த்தேன், முடிச்சு புல்லியில் ஏறும்போதே அவிழ்ந்துவிட்டது. விரிசல் விட்ட பழைய பெல்ட்டுக்கு இருக்கும் மரியாதை எந்தக் கயிற்றுக்கும் இல்லை. மாட்டியபின் நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் ஒரு செண்டிமீட்டர் அளவுக்கு உள்ளே போக வேண்டும். அதற்கு மேல் இறுக்கினால் டைனமோ பேரிங் போகும்.

இன்னொன்று டெஸ்ட் பல்பு. பழைய இண்டிகேட்டர் பல்பு ஹோல்டரில் இரண்டு ஒயர் சேர்த்தால் முடிந்தது. ரோட்டோரத்தில் மல்டிமீட்டரைவிட இதையே நம்புவேன். ஒரே ஒரு நரம்பில் தொங்கும் ஒயரில்கூட மீட்டர் 12 வோல்ட் என்று காட்டிவிடும், பல்பு மங்கலாக எரிந்து உண்மையைச் சொல்லும்.

ஜாக்கி போடும்போது

டயருக்கு முன்னும் பின்னும் கல் வையுங்கள், ஹேண்ட் பிரேக்கை மட்டும் நம்ப வேண்டாம். மண் தரையென்றால் ஜாக்கிக்கு அடியில் மரக்கட்டை. ஏற்றியதும் ஸ்டெப்னியை எடுத்துப் படுக்கவைத்து சேஸிஸுக்கு அடியில் தள்ளிவிடுங்கள், ஜாக்கி நழுவினாலும் வண்டி அந்த டயர்மேல்தான் உட்காரும், உங்கள் நெஞ்சின்மேல் இல்லை. ஜாக்கியில் மட்டும் நிற்கும் வண்டிக்கு அடியில் தலையை விடவே கூடாது, ஒரு நட்டு கீழே விழுந்துவிட்டது, ஒரு நிமிஷம்தான் என்றாலும்.

தண்ணீர் ஒழுகினால்

பழைய வண்டியில் அடிக்கடி வரும் வேலை இதுதான், அதனால் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

ஏற்றத்தில் ஊசி மட்டும் மேலே போகிறது, ஒழுகல் இல்லை, பெல்ட் ஓடுகிறது என்றால் ஓரம் கட்டி நியூட்ரலில் கொஞ்சம் ரேஸ் கொடுத்து ஓரிரு நிமிஷம் ஓட விடுங்கள், ஃபேனும் தண்ணீரும் சுற்றி அதுவே இறங்கும். ஆனால் ஆவி வருகிறது, கீழே தண்ணீர் கொட்டுகிறது என்றால் உடனே அணையுங்கள். தண்ணீர் இல்லாமல் ஓடும் ஒவ்வொரு நிமிஷமும் ஹெட் கேஸ்கட்டுக்குச் செலவு.

அணைத்ததும் எல்லோரும் செய்யும் தப்பு, துணியைச் சுற்றி ரேடியேட்டர் மூடியைத் திறப்பது. அந்த மூடி அழுத்தத்தைப் பிடித்து வைத்திருப்பதால்தான் உள்ளே தண்ணீர் 100 டிகிரி தாண்டியும் கொதிக்காமல் இருக்கிறது. திறந்த கணத்தில் மொத்தமும் ஆவியாகி முகத்துக்கு வரும். மேல் ஹோஸைக் கையால் பிடித்துப் பாருங்கள், வெறும் கையால் பிடித்துக்கொண்டே இருக்க முடிகிற சூடு வரும்வரை மூடியைத் தொட வேண்டாம். அரை மணியிலிருந்து முக்கால் மணி ஆகும். டீ குடித்துவிட்டு வரலாம்.

சூடு ஆறியதும் எங்கே கிழிந்திருக்கிறது என்று தேடுங்கள். பெரும்பாலும் ஹோஸ் நடுவில் கிழியாது, கிளிப் கடிக்கும் முனையில்தான் வெடிக்கும். ஹோஸில் கொஞ்சம் நீளம் மிச்சம் இருந்தால் அந்த முனையை இரண்டு செண்டிமீட்டர் அறுத்து எறிந்துவிட்டு, குழாயின் வாயை உப்புத்தாளால் தேய்த்துத் திரும்ப மாட்டி கிளிப்பை இறுக்கிவிடுங்கள். இது ஒட்டுவேலைகூட இல்லை, மாதக்கணக்கில் ஓடும்.

நடுவில் கிழிந்திருந்தால்தான் சைக்கிள் டியூப். டியூப்பை நீளவாக்கில் பிளந்து இரண்டு விரல் அகலத்தில் நாடாவாக வெட்டிக்கொள்ளுங்கள். ஹோஸின் ஈரத்தையும் எண்ணெயையும் துடைத்துவிடுங்கள். கிழிசலுக்கு நாலு விரல் முன்னால் ஆரம்பித்து, நாடாவை முடிந்தமட்டும் இழுத்து, ஒவ்வொரு சுற்றும் முந்தைய சுற்றின் பாதியை மூடுகிற மாதிரி சுற்றி, நாலு விரல் தாண்டி முடியுங்கள். அதே நாடாவில் திரும்பி ஒரு நடை. மேலே கட்டுக்கம்பி, ஆனால் கிழிசலின் மேல் கம்பி வேண்டாம், இரு பக்கத்திலும்தான். இழுத்துச் சுற்றுவதுதான் இதில் சூட்சுமம். தளர்வாகச் சுற்றிய பத்துச் சுற்றைவிட நன்றாக இழுத்துச் சுற்றிய நாலு சுற்று தாங்கும்.

அப்புறம் தண்ணீர் ஊற்றுங்கள். சூடான எஞ்சின் பிளாக்மேல் வெளியே பச்சைத் தண்ணீர் அடிக்காதீர்கள், விரிசல் விடும். உள்ளே ஊற்றுவதையும் கொஞ்சம் கொஞ்சமாக, எஞ்சினை ஓடவிட்டபடி ஊற்றுங்கள், அப்போதுதான் உள்ளே நிற்கும் காற்று வெளியே வரும். மூடியை முழுதாக இறுக்காமல் முதல் படியில் நிறுத்திவிட்டால் உள்ளே அழுத்தம் ஏறாது, ஒட்டுக்குப் பாரம் குறையும். அப்படி ஓட்டும்போது தண்ணீர் சீக்கிரம் குறையும் என்பதால் 10 கிலோமீட்டருக்கு ஒரு தடவை நிறுத்திப் பாருங்கள்.

ரேடியேட்டரிலேயே ஊசி முனை அளவு ஓட்டை என்றால் நம் டிரைவர்கள் மஞ்சள் தூள் போடுவார்கள். வேலை செய்யும், பொய் இல்லை. இரண்டு மூன்று ஸ்பூன் போதும், தண்ணீரோடு சுற்றி ஓட்டையில் போய் அடைத்துக்கொள்ளும். சிக்கல் என்னவென்றால் அது ஓட்டையை மட்டும் தேடிப் போய் அடைக்காது, ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களிலும் போய் உட்காரும். நான் ஒரு தடவை தாராளமாக அள்ளிப் போட்டுவிட்டு, ரேடியேட்டர் பட்டறையில் கழற்றியபோது அங்கிருந்தவர் "சாம்பார் வச்சீங்களா?" என்றார். போட்டால் வீடு சேர்ந்ததும் முழுக்க வடித்துக் கழுவ வேண்டும். ஓட்டை ஒரே குழாயில் தெளிவாகத் தெரிந்தால் பழைய செம்பு பித்தளை ரேடியேட்டரில் இன்னொரு வழி உண்டு: அந்த இடத்துத் தகட்டை ஒதுக்கி, குழாயை அறுத்து, இரு முனையையும் பிளேயரால் மடக்கி நசுக்கி, மேலே எம்-சீல். ஒரு குழாய் போனால் குளிர்ச்சி பெரிதாகக் குறையாது. பட்டறையில் ஈயம் வைத்துச் சரியாக அடைத்துக்கொள்ளலாம். அலுமினிய ரேடியேட்டரில் இந்த ஈய வேலை நடக்காது.

இந்த இடத்தில் ஒரு சண்டையும் போட்டுவிடுகிறேன். சூடு ஏறுகிறது என்று போனாலே "தெர்மோஸ்டாட்டைக் கழட்டி வீசிடுங்க" என்று சொல்லும் மெக்கானிக்குகள் ஊருக்கு நாலு பேர் இருக்கிறார்கள். அது எஞ்சின் சூடானதும் தண்ணீருக்கு வழி திறந்துவிடும் வால்வு. மாட்டிக்கொண்டு மூடியபடி நின்றுவிட்டால் வழியில் கழற்றிவிட்டு வரலாம், தப்பில்லை. ஆனால் அப்படியே விட்டால் எஞ்சின் சரியான சூட்டுக்கே வராது, டீசல் கூடுதலாகக் குடிக்கும், புகை வரும், உள்ளே தேய்மானம் கூடும். கழற்றியதை ஒரு பாத்திரத்து நீரில் நூலில் தொங்கவிட்டுக் காய்ச்சுங்கள். கொதி வருவதற்குள், 80-85 டிகிரி அளவில், திறக்க ஆரம்பித்தால் அது நல்லது, திரும்ப மாட்டுங்கள். குற்றவாளி வேறெங்கோ இருக்கிறான்.

டீசல் வரவில்லை, ஏர் பிடித்துவிட்டது

செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, எஞ்சின் பிடிக்கவில்லை, சைலன்சரில் புகைகூட இல்லை. டீசலை எஞ்சினுக்குள் பீச்சும் நாசிலுக்கு டீசல் போகவில்லை என்று அர்த்தம். டீசல் தீர்ந்து நின்றிருக்கலாம், ஃபில்டர் மாற்றியபின் காற்று நின்றிருக்கலாம், இல்லையென்றால் டேங்குக்கும் பம்புக்கும் நடுவில் ஏதோ ஒரு குழாய் காற்றை இழுக்கிறது. புதிதாக வருகிறவர்கள் இந்த மூன்றாவதில்தான் ஏமாறுவார்கள். பம்ப் இழுக்கும் பக்கத்துக் குழாயில் வெடிப்பு இருந்தால் டீசல் வெளியே சொட்டாது, காற்றுதான் உள்ளே போகும். ஒழுகல் தெரியவில்லை என்பதற்காகக் குழாய் நல்லது என்று முடிவு கட்டாதீர்கள். ஓட்டிக்கொண்டிருக்கும்போது வண்டி திணறுவது, காலையில் ஸ்டார்ட் ஆக நேரம் பிடிப்பது எல்லாம் இதற்கு முன்னறிவிப்பு.

முதலில் எல்லாக் கிளிப்பையும் ஒரு சுற்று இறுக்குங்கள். வெடித்த இடம் தெரிந்தால் முனையை அறுத்து மாட்டுங்கள். இங்கே சைக்கிள் டியூப் சுற்றலாம், ஆனால் டீசல் பட்டால் அந்த ரப்பர் சில மணி நேரத்தில் ஊறி உப்பிவிடும், ஆகவே அன்றைக்கு மட்டும்தான்.

அப்புறம் காற்று எடுக்க வேண்டும். ஃபில்டரின் தலையில் உள்ள சின்ன ஸ்க்ரூவை இரண்டு சுற்றுத் தளர்த்தி, கைப்பம்பை அடியுங்கள். முதலில் நுரையும் குமிழியுமாக வரும், குமிழி நின்று கட்டியாக டீசல் வரும்போது, பம்பை அடித்துக்கொண்டே ஸ்க்ரூவை இறுக்குங்கள். கையை எடுத்துவிட்டு இறுக்கினால் திரும்பக் காற்று போய்விடும், இதற்கு இன்னொரு ஆள் இருந்தால் நல்லது. பம்பின் மேல் ஸ்க்ரூ இருந்தால் அங்கேயும் இதே மாதிரி. கடைசியாக நாசிலுக்குப் போகும் இரும்புக் குழாய்களின் நட்டை நாசில் முனையில் ஒரு சுற்று மட்டும் தளர்த்தி, ஒருவர் செல்ஃப் அடிக்க, டீசல் கசிய ஆரம்பித்ததும் ஒவ்வொன்றாக இறுக்குங்கள். பாதி இறுக்கும்போதே எஞ்சின் தட்டித் தடவிப் பிடித்துக்கொள்ளும். செல்ஃபை ஒரு தடவைக்குப் பத்துப் பதினைந்து நொடிக்கு மேல் அடிக்காமல், நடுவில் ஒரு நிமிஷம் ஆற விடுங்கள்.

நட்டுத் தளர்த்திய இடத்துக்கு எதிரில் கையையோ முகத்தையோ வைக்காதீர்கள். பழைய நாசிலே 100 பார் தாண்டிய அழுத்தத்தில்தான் திறக்கும், மெல்லிய பீச்சு தோலைத் துளைத்து உள்ளே போகும். பார்க்கச் சின்னப் புள்ளியாகத்தான் தெரியும், வலியும் அவ்வளவாக இருக்காது, ஆனால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போகாவிட்டால் விரலை எடுக்க வேண்டிவரும். கம்ப்யூட்டர் வைத்து டீசல் பீச்சும் காமன் ரெயில் வண்டிகளில் இந்த அழுத்தம் ஆயிரம் பாருக்கு மேல், அதனால்தான் டீசல் பகுதி புது வண்டிக்குப் பொருந்தாது என்று முன்னாலேயே சொன்னேன். அவற்றில் நட்டைத் தொடவே கூடாது.

எல்லாம் சரியாக இருந்தும் டீசல் வரவில்லையா? சில பம்புகளில் எஞ்சினை நிறுத்துவதற்கு ஒரு சோலினாய்டு, அதாவது கரன்ட்டில் இயங்கும் காந்த சுவிட்ச், இருக்கும், அதற்கு 12 வோல்ட் போனால்தான் டீசல் வழி திறக்கும். சாவியைப் போடும்போது பம்பில் "டக்" என்று சத்தம் வர வேண்டும். வரவில்லை என்றால் டெஸ்ட் பல்பை வைத்துப் பாருங்கள், கரன்ட் வரவில்லை என்றால் அந்த மூன்று மீட்டர் ஒயரால் பேட்டரி பிளஸ்ஸிலிருந்து, நடுவில் ஒரு ஃபியூஸ் வைத்து, நேராகக் கொடுத்துவிடுங்கள். வண்டி ஓடும். நிறுத்த வேண்டுமென்றால் சாவி உதவாது, அந்த ஒயரைப் பிடுங்க வேண்டும், அதனால் கை எட்டும் இடத்தில் முனையை விடுங்கள்.

செல்ஃப் அடிக்கவில்லை

சாவியைத் திருப்பினால் "டிக்" என்கிறது, அதற்கு மேல் ஒன்றும் இல்லை. பேட்டரி செத்துவிட்டது என்று உடனே புது பேட்டரி வாங்கியவர்களை எனக்குத் தெரியும். வாங்கியபின்னும் அதே "டிக்". முதலில் பேட்டரி முனைகளைப் பாருங்கள், வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருந்தால் மைனஸை முதலில் கழற்றி, வெந்நீரில் ஆப்பசோடா கலந்து ஊற்றிக் கழுவி, உப்புத்தாளால் பளபளவென்று தேய்த்து, மாட்டியபின் மேலே வாஸ்லைன் தடவுங்கள். மாட்டும்போது மைனஸ் கடைசியில்.

அதிலும் சரியாகவில்லை என்றால் எர்த். எஞ்சினுக்கும் சேஸிஸுக்கும் நடுவில் பின்னல் பட்டை ஒன்று போகும், பழைய வண்டியில் அது துருப்பிடித்து நாலு நரம்பில் தொங்கிக்கொண்டிருக்கும். செல்ஃப் இழுக்கும் கரன்ட்டுக்குத் திரும்பிப் போக வழி இல்லாமல் கிளட்ச் ஒயர் வழியாகவும் ஆக்சிலேட்டர் ஒயர் வழியாகவும் போகும். செல்ஃப் அடிக்கும்போது அந்த ஒயர்கள் சூடானால் வேறு சோதனையே வேண்டாம். தற்காலிகமாகத் தடித்த ஜம்பர் கேபிள் இருந்தால் பேட்டரி மைனஸிலிருந்து எஞ்சினின் பெயிண்ட் இல்லாத இரும்பில் மாட்டி அடித்துப் பாருங்கள். பாதி வண்டிகள் இதிலேயே கிளம்பிவிடும்.

அதற்கும் மசியவில்லை என்றால், ஒருவர் சாவியைப் பிடித்திருக்க, செல்ஃப் மோட்டாரைச் சுத்தியல் பிடியால் தட்டுங்கள். தலையால் இல்லை, பிடியால். தேய்ந்த கார்பன் பிரஷ் மாட்டியிருந்தால் விட்டுக்கொடுக்கும். இரண்டு மூன்று நாள் இப்படியே ஓட்டலாம், அதற்குள் பிரஷ் மாற்றிவிடுங்கள். திருப்புளியால் செல்ஃப் மோட்டாரின் சோலினாய்டை ஷார்ட் செய்து ஸ்டார்ட் பண்ணுவதைப் பார்த்திருப்பீர்கள். கியர் நியூட்ரலில் இருக்கிறதா என்று கையால் ஆட்டிப் பார்க்காமல் அதைச் செய்தால் வண்டி உங்கள்மேலேயே ஏறும்.

தள்ளி ஸ்டார்ட் பண்ணலாம், இரண்டாம் கியரில். ஆனால் டீசல் பம்பில் சோலினாய்டு உள்ள வண்டியில் பேட்டரி சுத்தமாகச் செத்திருந்தால் எவ்வளவு தள்ளினாலும் பிடிக்காது. நாலு பேரை வியர்க்க வைப்பதற்கு முன் ஹெட்லைட் கொஞ்சமாவது எரிகிறதா என்று பாருங்கள்.

ஃபியூஸ் எரிந்தால் சிகரெட் பாக்கெட் தாளைச் சுற்றி மாட்டும் பழக்கம் இன்னும் இருக்கிறது. ஃபியூஸுக்குப் பதில் ஒயர் எரியும், ஒயரோடு கேபினும். அதே ஆம்பியரில் அவ்வளவு அவசியமில்லாத இன்னொரு ஃபியூஸைப் பிடுங்கி மாட்டுங்கள், ரேடியோவோ ஹீட்டரோ. ரிலேயும் அப்படித்தான், ஒரே மாதிரி ரிலே பல இடத்தில் இருக்கும், இடம் மாற்றி மாட்டிப் பார்த்தால் எது போயிருக்கிறது என்பதும் தெரிந்துவிடும்.

ஒயர் அறுந்தால்

ஆக்சிலேட்டர் ஒயர் அறுந்தால் ஜன்னல் வழியாகக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு ஓட்டும் வீரர்கள் உண்டு. வேண்டாம். கயிறு எங்காவது சிக்கி ரேஸ் முழுசாக நின்றுவிட்டால் என்ன செய்வீர்கள்? பம்பில் ஐடில் ஸ்க்ரூவைத் திருகி ரேஸைக் கொஞ்சம் ஏற்றி வைத்துவிட்டு, முதல், இரண்டாம் கியரில் ஊர்ந்து போங்கள். மெதுவாகத்தான் போகும், ஆனால் பிரேக் மிதித்தால் நிற்கும்.

கிளட்ச் ஒயர் அறுந்தால் சமதரையில் மட்டும் இப்படிச் செய்யலாம். எஞ்சினை அணைத்து, முதல் கியரில் போட்டு, முன்னால் ஆள் இல்லை என்று பார்த்துவிட்டு செல்ஃப் அடியுங்கள், வண்டி குலுங்கி நகர்ந்தபடியே ஸ்டார்ட் ஆகும். மேலே மாற்ற வேண்டுமென்றால் காலை எடுத்து, நியூட்ரலுக்கு இழுத்து, ரேஸ் இறங்கும்வரை ஒரு மூச்சு பொறுத்து, அடுத்த கியரை மெல்லத் தள்ளுங்கள், வேகம் ஒத்துப்போனால் தானாக விழும். கரகரத்தால் வற்புறுத்த வேண்டாம். நிறுத்த நியூட்ரல், பிறகு பிரேக். சந்தைத் தெருவிலும் மலையிலும் இது வேலைக்கு ஆகாது.

பட்டை உடைந்தால்

குட்டியானையின் கணக்கு முக்கால் டன். நாம் ஏற்றுவது எவ்வளவு என்பது நமக்கும் பட்டைக்கும் மட்டும் தெரியும். காலையில் டயரைத் தட்டிப் பார்க்கும்போது பட்டைகளையும் ஒரு பார்வை பாருங்கள், குறுக்கே துருநிறத்தில் ஒரு கோடு தெரிந்தால் அது அழுக்கு இல்லை, விரிசல். பட்டைகளை நடுவில் சேர்த்துப் பிடிக்கும் செண்டர் போல்ட் அறுந்தால் ஆக்சில் நகர்ந்து வண்டி நண்டு மாதிரி கோணலாகப் போகும். பின்னால் வருகிறவர்தான் முதலில் கவனித்துச் சொல்வார்.

வழியில் இரண்டாவது, மூன்றாவது பட்டை உடைந்தால் லோடைப் பாதியாவது இறக்கிவிட்டு மெதுவாகப் போகலாம். மெயின் பட்டையே உடைந்து, அதுவும் பின்பக்கம் என்றால்: முழு லோடையும் வேறு வண்டிக்கு மாற்றுங்கள். சேஸிஸை ஜாக்கியில் தூக்கி, ஆக்சிலுக்கும் சேஸிஸுக்கும் நடுவில் மரக்கட்டையை வைத்து இறக்கி, கட்டுக்கம்பியாலோ சங்கிலியாலோ அசையாமல் கட்டுங்கள். ஆக்சில் பின்னால் நழுவாதபடி சங்கிலியை முன்பக்கம் இழுத்து சேஸிஸில் பூட்டுங்கள். மணிக்கு 20 கிலோமீட்டருக்கு மேல் வேண்டாம், அடுத்த பட்டறை வரை மட்டும். முன்பக்க மெயின் பட்டை உடைந்தால் நகரவே வேண்டாம், ஸ்டீயரிங் அதை நம்பித்தான் நிற்கிறது.

உடைந்த பட்டையை வெல்டிங் வைத்துத் தருகிறேன் என்பார்கள். வெல்டிங் சூட்டில் அந்த இரும்பின் வீரியம் போய்விடும், வைத்த இடத்துக்குப் பக்கத்திலேயே மறுபடி உடையும்.

மீதிச் சில்லறை வேலைகள்

டீசல் டேங்கில் கசிவு என்றால் ஈரத்தைத் துடைத்து, பார் சோப்பை அழுத்தித் தேய்த்து வெடிப்புக்குள் திணியுங்கள், சோப்பு டீசலில் கரையாது. மழையில் போகும். டேங்க் காலியானதும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து எம்-சீல். டேங்கைக் கழற்றி வெல்டிங் பட்டறையில் கொடுத்தால், கழுவிச் சுத்தம் செய்யாமல் நெருப்பு வைக்கத் தயாராகும் ஆளிடமிருந்து டேங்கை வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள். காலி டேங்க்தான் வெடிக்கும், நிறைந்த டேங்க் இல்லை.

சைலன்சரில் ஓட்டை என்றால் பால்பவுடர் டப்பாவின் தகட்டை வெட்டிச் சுற்றி இரண்டு பக்கமும் கிளிப். தொங்கினால் கட்டுக்கம்பி, கயிறு கட்டினால் எரிந்துவிடும். எஞ்சின் சீட்டுக்கு அடியில் இருக்கும் வண்டியில் புகை கேபினுக்குள் வரும், ஜன்னலைத் திறந்து வைத்தே ஓட்டுங்கள், தலை வலித்தால் நிறுத்துங்கள்.

துருவைப் பற்றித் தனியாக எழுத வேண்டும். மீன் லோடு அடிக்கும் ராமேஸ்வரம், தூத்துக்குடி வண்டிகளை வாங்குவதாக இருந்தால் முதலில் கீழே படுத்துப் பாருங்கள், ஐஸ் உருகிய உப்புத்தண்ணீர் சொட்டிச் சொட்டி சேஸிஸ் பொரியாகியிருக்கும். கேபின் தரையில் ஓட்டை என்றால் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, ரெட் ஆக்சைடு அடித்து, அலுமினியத் தகடு வைத்து ரிவிட் அடித்துக்கொள்ளலாம், அது உங்கள் காலுக்கு. சேஸிஸில் ஓட்டை என்றால் தகடு வைத்து மறைக்காதீர்கள். பாரம் தாங்குவது அதுதான். எட்டு வருஷம் தாண்டிய சரக்கு வண்டிக்கு வருஷா வருஷம் எஃப்.சி., அதாவது தகுதிச் சான்றுச் சோதனை, உண்டு, அங்கே மாட்டுவதற்கு முன் நீங்களே பார்த்துவிடுங்கள்.

வீடு சேர்ந்ததும்

ஒட்டுப் போட்ட அன்றே டேஷ்போர்டில் சாக்பீஸால் எழுதுவேன்: "மேல் ஹோஸ், டியூப், செவ்வாய்." அழிக்க அனுமதி ஹோஸ் மாற்றிய பிறகுதான். இந்தப் பழக்கம் வருவதற்கு முன் கட்டுக்கம்பியில் தொங்கிய ஒரு சைலன்சரோடு எட்டு மாசம் ஓட்டினேன், நன்றாகத்தான் ஓடியது, கட்டினதே மறந்துபோனது, பழனி பைபாஸில் அது கழன்று பின்னால் வந்த பைக்குக்கு முன்னால் விழுந்தபோதுதான் ஞாபகம் வந்தது. நல்லவேளை, அந்தப் பையன் ஒடித்துத் திருப்பித் தப்பித்தான். என்னைத் திட்டியதை இங்கே எழுத முடியாது.

அப்புறம் சாக்கைத் திறந்து, எடுத்ததைத் திரும்ப வையுங்கள். எம்-சீல் பாக்கெட் பிரித்தது என்றால் கல்லாகிவிட்டதா என்று பாருங்கள். கேனில் தண்ணீர் நிரப்புங்கள். சைக்கிள் டியூப்புக்குக் காசு செலவழிக்க வேண்டாம், பஞ்சர் கடையில் கேட்டால் ஒட்டுக்கு அடங்காத பழசைச் சும்மாவே தருவார்கள்.